வரம்பற்ற குறுஞ்செய்திக்கு வந்த வரம்பு: வாசகர் கேள்வி பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விடயத்தைச் சுற்றியே அமைந்திருந்தன. வேண்டிய அளவு எஸ்எம்எஸ் அனுப்பலாம் என்று கூறி விற்கப்பட்ட கைத்தொலைபேசிப் பக்கேஜ்களுக்கு இடையில் உச்ச எல்லை வைக்கப்பட்டிருப்பது பற்றிய முறைப்பாடுகள் அவை. ஆகவே ஏனைய கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, இந்த இதழின் பக்கங்களை முழுவதும் இதற்கே தருகிறோம். கடிதம் எழுதியவர்களின் பெயர்களையும் அவர்கள் குறிப்பிட்ட கம்பனிகளின் பெயர்களையும் தவிர்த்திருக்கிறோம்.

கேள்வி: நான் பிற்கொடுப்பனவு இணைப்பு வைத்திருக்கிறேன். எடுத்தபோது தந்த துண்டுப்பிரசுரத்தில், எந்த வலையமைப்புக்கும் வரம்பில்லாமல் எஸ்எம்எஸ் அனுப்பலாம் என்று தமிழிலேயே அச்சிட்டிருந்தார்கள். இப்போது, அடுத்த மாதம் முதல் நாளொன்றுக்கு 100 மட்டுமே இலவசம், அதற்கு மேல் ஒவ்வொன்றுக்கும் கட்டணம் என்று ஒரு செய்தி வந்திருக்கிறது. மாத வாடகையில் ஒரு ரூபாவும் குறையவில்லை. என்னுடைய சம்மதம் இல்லாமல் இப்படிச் செய்ய அவர்களுக்கு உரிமை இருக்கிறதா ஐயா? (வாசகி, வெள்ளவத்தை)

பதில்: அம்மா, நீங்கள் கையெழுத்திட்ட விண்ணப்பப் படிவத்தின் பின்பக்கத்தைப் பாருங்கள். கட்டணங்களையும் சலுகைகளையும் மாற்றும் உரிமையைக் கம்பனி தன்னிடம் வைத்துக்கொள்ளும் வாசகம் ஒன்று அங்கே இருக்கும் வாய்ப்பு மிக அதிகம். துண்டுப்பிரசுரம் மூன்று மொழிகளில் அச்சாகிறது, நிபந்தனைகளோ பல வேளைகளில் ஆங்கிலத்தில் மட்டும், அதுவும் உருப்பெருக்கி வைத்துப் படிக்க வேண்டிய அளவில் இருக்கின்றன. இருந்தாலும் அந்த வாசகம் ஒன்றே கம்பனிக்குப் போதுமான கவசம் என்று நான் கருதவில்லை.

இந்த நாட்டில் தொலைபேசிக் கட்டணங்கள் கம்பனிகளின் விருப்பத்துக்கு மட்டும் விடப்பட்டவை அல்ல. 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புகள் சட்டமும், அதனைத் திருத்திய 1996ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டமும் இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கு இவ்விடயத்தில் அதிகாரம் அளித்துள்ளன. 2022 செப்டெம்பர் 5ஆம் திகதி முதல் கைத்தொலைபேசிக் கட்டணங்கள் 20 சதவீதத்தால் உயர்ந்தபோது, அந்த உயர்வு ஆணைக்குழுவின் அனுமதியுடனேயே நடைமுறைக்கு வந்தது. அதே வாடகையை வாங்கிக்கொண்டு தரும் சேவையைக் குறைப்பதும் என் கணக்கில் விலையேற்றம்தான். ஆகவே, இந்த மாற்றத்துக்கு ஆணைக்குழுவின் அனுமதி பெறப்பட்டதா என்று கம்பனியிடம் எழுத்தில் கேட்பதே உங்கள் முதல் வேலை. வாடிக்கையாளர் நிலையத்தில் நின்று வாயால் கேட்டால் புன்னகை கிடைக்கும், பதில் கிடைக்காது. மின்னஞ்சலிலோ பதிவுத் தபாலிலோ கேட்டு, முறைப்பாட்டு இலக்கத்தை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தத் துண்டுப்பிரசுரத்தைத் தொலைத்துவிடாதீர்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் 30ஆம் பிரிவு, வியாபாரி எவரும் ஏமாற்றும் அல்லது தவறான எண்ணத்தை ஏற்படுத்தும் விதத்தில் நடந்துகொள்வதைத் தடைசெய்கிறது. எல்லை வைக்கும் எண்ணத்தோடு எல்லையில்லை என்று விளம்பரம் செய்தார்களா, அல்லது பின்னர்தான் மனம் மாறினார்களா என்பது விசாரணைக்குரியது. விளம்பரம் கையில் இருந்தால்தான் அந்த விசாரணையே தொடங்கும். அதிகார சபையின் அலுவலகம் கொழும்பு 2, வொக்ஸோல் வீதியில் இருக்கிறது, துரித இலக்கம் 1977. ஆணைக்குழு கொழும்பு 8, எல்விட்டிகல மாவத்தையில் இருக்கிறது. இரண்டு இடங்களுக்கும் தமிழிலேயே எழுதலாம். 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்துக்குப் பின்னர் தமிழும் அரச கரும மொழி என்பதை நம்மில் பலர் மறந்து, பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பிடித்து ஆங்கிலத்தில் கடிதம் எழுதுவிக்கிறோம்.

எதைக் கேட்பது என்பதிலும் ஒரு நிதானம் தேவை. பழைய சலுகையை ஆயுள் முழுவதும் தர வேண்டும் என்று கேட்டால் எந்த அதிகாரியும் உங்கள் பக்கம் நிற்கத் தயங்குவார். உங்களுக்குக் குறைந்தபட்ச ஒப்பந்தக் காலம் ஒன்று இருந்து, அது இன்னும் முடியவில்லை என்றால், அது முடியும் வரையாவது பழைய நிபந்தனை தொடர வேண்டும் என்று கேளுங்கள். அதற்கு அவர்கள் உடன்படாவிட்டால், இடையில் விலகுவதற்கான தண்டப் பணம் இல்லாமல் உங்களை விடுவிக்கும்படி கேளுங்கள். கம்பனி எல்லை வைப்பதை நான் குற்றம் என்று சொல்லமாட்டேன். காலக்கெடுவால் உங்களைக் கட்டிப்போட்டுவிட்டுத் தன் பக்க வாக்கை மட்டும் தளர்த்திக்கொள்வதுதான் நியாயமற்றது. கதவு இரண்டு பக்கமும் திறக்க வேண்டும் என்ற கோரிக்கையை எவராலும் எளிதில் தட்டிக்கழிக்க முடியாது.

கேள்வி: ஒரு குறுஞ்செய்தி அனுப்புவதற்குக் கம்பனிக்கு ஏறக்குறையச் செலவே இல்லை என்று படித்திருக்கிறேன். செலவில்லாத பொருளுக்கு எல்லை எதற்கு? (ஓய்வுபெற்ற வங்கி உத்தியோகத்தர், கொட்டாஞ்சேனை)

பதில்: நீங்கள் படித்தது பெரும்பாலும் சரி. அமெரிக்காவில் 2005இல் 10 சதமாக இருந்த ஒரு குறுஞ்செய்தியின் விலை 2008இல் 20 சதமாக உயர்ந்தபோது, ஹேர்ப் கோல் என்ற செனட்டர் நாட்டின் நான்கு பெரிய கம்பனிகளிடமும் எழுத்து மூலம் விளக்கம் கேட்டார். அடுத்த ஆண்டு செனட் குழுவின் முன் சாட்சியமளித்த கணினி அறிவியல் பேராசிரியர் சீனிவாசன் கேசவ், ஒரு செய்தியைக் கொண்டுசேர்க்கும் செலவு 0.3 சதத்தைத் தாண்டுவது அரிது என்ற கணிப்பை முன்வைத்தார்.

காரணம் எளிது. குறுஞ்செய்தி ஒன்றின் முழு எடை 140 பைட் மட்டுமே. அது பேச்சுக்கான பாதையில் போவதில்லை. அழைப்பை இணைப்பதற்கும் தொலைபேசி எந்தக் கோபுரத்தின் கீழ் நிற்கிறது என்று அறிவதற்கும் வலையமைப்பு எப்படியும் வைத்திருக்க வேண்டிய சமிக்ஞைப் பாதையில் அது போகிறது. 1992 டிசம்பர் 3ஆம் திகதி பிரித்தானியாவில் நீல் பப்வர்த் என்ற பொறியியலாளர் நத்தார் வாழ்த்தாக முதலாவது குறுஞ்செய்தியை அனுப்பியபோது, இதனை ஒரு பெரிய வருமான வழியாக எவரும் எண்ணியிருக்கவில்லை.

ஆனால் செலவு குறைவு என்பதற்காக இடம் அளவற்றது என்று ஆகிவிடாது. அந்தச் சமிக்ஞைப் பாதை ஒடுக்கமானது. அதில் செய்திகள் நெரிந்தால் அழைப்புகளே இணையாமல் போகும். மிகுதியான குறுஞ்செய்திகளை ஒரு நகரத்தின் மீது கொட்டினால் அங்கே குரல் அழைப்புகளை முடக்கிவிடலாம் என்று அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2005இல் காட்டினார்கள். புத்தாண்டு நள்ளிரவில் அனுப்பிய வாழ்த்து காலையில் போய்ச் சேர்ந்த அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. அந்த நேரத்தில் செய்திகள் கம்பனியின் சேமிப்பு நிலையத்தில் வரிசையில் நிற்கின்றன.

செலவே இல்லை என்பதும் ஒரே வலையமைப்புக்குள் மட்டும் பொருந்தும் கூற்று. நீங்கள் வேறொரு கம்பனியின் வாடிக்கையாளருக்கு அனுப்பும்போது, பொதுவாக உங்கள் கம்பனி அந்தக் கம்பனிக்கு ஓர் இடைத்தொடர்புக் கட்டணம் செலுத்துகிறது. தன் வலையமைப்புக்குள் வரம்பில்லாமல் விட்டுவிட்டு, ஏனைய வலையமைப்புகளுக்கு மட்டும் எல்லை வைக்கும் பக்கேஜ்கள் ஏன் இருக்கின்றன என்பது இதிலிருந்து விளங்கும்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம், தனிநபர்களுக்காக விற்கப்பட்ட சிம்மை வாங்கி, அதனை ஓர் இயந்திரத்தில் செருகி, நாள் முழுவதும் விளம்பரம் அனுப்புகிறவர்கள். வர்த்தகச் செய்திகளுக்குக் கம்பனிகள் தனிக் கட்டணம் வைத்திருக்கின்றன, அதைத் தவிர்க்கவே இந்தக் குறுக்கு வழி. வரம்பில்லாத பக்கேஜ் என்பது புகையிரதச் சீசன் டிக்கெட்டைப் போன்றது. காலையும் மாலையும் ஒருவர் பயணம் செய்வார் என்ற கணக்கில் விலை வைக்கப்பட்டது. அதை வைத்துக்கொண்டு ஒருவர் மருதானைக்கும் பாணந்துறைக்கும் இடையே நாள் முழுவதும் பிறருடைய பொதிகளை ஏற்றி இறக்கினால் கணக்குப் பிழைத்துவிடும். ஆனால் பொதி ஏற்றுகிறவரைப் பிடிப்பதற்கு வேறு வழிகளும் உண்டு. ஒரே செய்தி சில நிமிடங்களில் நூற்றுக்கணக்கான இலக்கங்களுக்குப் போவதையும், ஒரு சிம்முக்குப் பதில் எதுவுமே வராமல் இருப்பதையும் கம்பனியின் கணினி கண்டுகொள்ளும். எல்லோர் மீதும் ஒரே எல்லையை வைப்பது அவர்களுக்கு இலகுவான வழி. அந்த எல்லையைத் தாண்டும் நேர்மையான வாடிக்கையாளரிடமிருந்து கொஞ்சம் வருமானம் வருவதும் அவர்களுக்குக் கசக்காது.

கேள்வி: நான் தமிழ்மொழி மூலம் கணித வகுப்பு நடத்துகிறேன். 45 பெற்றோருக்கு வகுப்பு மாற்றங்களைத் தமிழில் அறிவிப்பேன். என் பக்கேஜில் நாளுக்கு 100 இலவசம். ஆனால் 34ஆவது ஆளுக்கு அனுப்பும்போதே காசு வெட்டுகிறார்கள். கணித ஆசிரியரிடமே கணக்கு விடுகிறார்களா? (ஆசிரியர், தெஹிவளை)

பதில்: சேர், கணக்குச் சரியாகத்தான் இருக்கிறது, கணக்கின் அலகுதான் உங்களுக்குச் சொல்லப்படவில்லை. நீங்கள் குறிப்பிட்ட 34ஐப் பார்த்தால், உங்கள் அறிவித்தல் ஒவ்வொன்றும் மூன்று குறுஞ்செய்திகளாக எண்ணப்படுகிறது. 33 பேருக்கு 99 ஆகிறது. 34ஆவது ஆளின் செய்தி எல்லையைத் தாண்டுகிறது.

முன்னர் சொன்ன 140 பைட்டுக்குள் (ஒரு பைட் என்பது 8 பிட்), 7 பிட் முறையில் எழுதப்படும் ஆங்கில எழுத்துகள் 160 அடங்கும். தமிழ் போவது யூனிகோட் எனும், எல்லா மொழி எழுத்துகளுக்குமான பொதுக் குறியீட்டு முறையில். அதில் ஒவ்வொரு குறியீடும் 16 பிட் எடுத்துக்கொள்வதால், அதே இடத்துக்குள் 70 மட்டுமே அடங்கும். 70ஐத் தாண்டினால் செய்தி துண்டாடப்படுகிறது. துண்டுகளை மீண்டும் கோப்பதற்கான குறிப்புக்கும் இடம் தேவைப்படுவதால் ஒவ்வொரு துண்டிலும் 67தான் அடங்கும். அத்தோடு, நாம் ஓர் எழுத்து என்று எண்ணுவதைத் தொலைபேசி அப்படி எண்ணுவதில்லை. புள்ளி ஒரு குறியீடு, விசிறி ஒரு குறியீடு, கால் ஒரு குறியீடு. ‘கொழும்பு’ நமக்கு நான்கு எழுத்து, தொலைபேசிக்கு எட்டு. 150 குறியீடுகள் கொண்ட ஒரு தமிழ் அறிவித்தல் நாலைந்து வரிக்கு மேல் போகாது, ஆனால் அது மூன்று செய்திகள். அதே 150ஐ ஆங்கிலத்தில் எழுதுகிறவருக்கு அது ஒன்றே ஒன்று.

அந்த ஆங்கிலச் செய்தியின் கடைசியில் ஒரு சிரிப்பு முகத்தைச் சேர்த்தால் அவரும் நம்முடைய 70க்குள் வந்து விழுவார் என்பது ஓர் அற்ப ஆறுதல்.

தமிழுக்கென 7 பிட் அட்டவணை ஒன்று கைத்தொலைபேசித் தர விதிகளில் பின்னர் சேர்க்கப்பட்டது. ஆனால் அனுப்பும் கருவியும் பெறும் கருவியும் அதனைப் புரிந்துகொண்டால்தான் பயன். நடைமுறையில் நமது தொலைபேசிகள் யூனிகோட்டிலேயே அனுப்புகின்றன. சிங்களத்தில் எழுதுகிறவர்களுக்கும் 70தான். அரச கரும மொழிகள் இரண்டுமே ஆங்கிலத்தின் பாதிக்கும் குறைவான இடத்தில் அடங்க வேண்டிய ஒரு நாட்டில், ‘நாளுக்கு 100’ என்ற எல்லை ஆங்கிலத்தில் எழுதுகிறவருக்கு 100 ஆகவும் உங்களுக்கு 33 ஆகவும் இருப்பது சமமான எல்லை ஆகாது. துண்டுகளை எண்ணாமல், அனுப்பிய செய்திகளை எண்ண வேண்டும் என்று ஆணைக்குழு ஒரு விதி செய்தால் போதும். குறைந்தபட்சம், எதை எண்ணுகிறோம் என்று விளம்பரத்திலேயே எழுதும்படியாவது கட்டாயப்படுத்தலாம். உங்களைப் போன்ற ஆசிரியர்கள் சிலர் சேர்ந்து இதனை ஆணைக்குழுவுக்கு எழுதுவது நல்லது. ஒருவருடைய பில்லைப் பற்றிய முறைப்பாட்டை விட இதற்குக் கனம் அதிகம்.

அதுவரை, செய்தியைச் சுருக்குங்கள். ‘நாளை மாலை 5 மணிக்கு வகுப்பு நடைபெறும்.’ என்பது 38 குறியீடுகள், ஒரே செய்தி. மதிப்புக்குரிய பெற்றோருக்கு என்று தொடங்கி நன்றி வணக்கம் என்று முடிக்கும் பழக்கத்தைக் கடிதத்தோடு நிறுத்திக்கொண்டால், 45 பேருக்கும் 45தான்.

கேள்வி: என்னுடையது ‘அன்லிமிட்டட்’ டேட்டா. மாதத்தின் மூன்றாம் வாரத்தில் யூடியூப் அசையாமல் நின்றுவிடுகிறது. கேட்டால், டேட்டா முடியவில்லை, வேகம்தான் குறைந்திருக்கிறது என்கிறார்கள். இது என்ன நியாயம்? (உயர்தர மாணவர், மட்டக்குளி)

பதில்: தம்பி, இது குறுஞ்செய்தி எல்லையின் உடன்பிறப்பு. 2021இல் இங்கே வரம்பற்ற டேட்டா பக்கேஜ்கள் அறிமுகமானபோதே, நியாயமான பாவனைக் கொள்கை என்ற பெயரில் இந்த நிபந்தனையும் கூடவே வந்தது. குறிப்பிட்ட அளவைத் தாண்டியதும் இணைப்பை வெட்டமாட்டார்கள், வேகத்தைக் குறைப்பார்கள்.

இதே விடயம் அமெரிக்காவில் வழக்காகவே போனது. ஏ.டி. அண்ட் டி கம்பனி 2010இல் புதிய வாடிக்கையாளர்களுக்கு வரம்பற்ற டேட்டாவை நிறுத்திவிட்டு, பழையவர்களை மட்டும் அதில் தொடர விட்டது. 2011 முதல், அதிகம் பாவித்த அந்தப் பழையவர்களின் வேகத்தைக் குறைத்தது. 2014இல் அந்த நாட்டின் மத்திய வர்த்தக ஆணைக்குழு வழக்குத் தொடர்ந்தது. 35 இலட்சத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்கள் பாதிக்கப்பட்டதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட அந்த வழக்கு, 2019இல் 60 மில்லியன் டொலர் செலுத்தும் இணக்கத்தோடு முடிந்தது. வேகத்தைக் குறைக்கவே கூடாது என்று அந்த இணக்கம் சொல்லவில்லை. குறைக்கப்படும் என்பதை, பொடி எழுத்தில் ஒளிக்காமல், வெளிப்படையாகத் தெரிவிக்க வேண்டும் என்றுதான் சொன்னது. உன் பக்கேஜின் விளம்பரத்தில் எந்த அளவுக்குப் பின் என்ன வேகம் என்று போட்டிருந்தால் உனக்கு வழக்கில்லை. போடாமல் விட்டிருந்தால், முதலாவது பதிலில் தந்த இரண்டு முகவரிகளும் உனக்கும் உதவும். பரீட்சை நெருங்கும் மாதத்திலாவது பாட வீடியோக்களைக் குறைந்த தெளிவில் பார்.

கேள்வி: சென்னையில் இருக்கும் என் தங்கை, அங்கே அரசாங்கமே நாளுக்கு 100 என்று எல்லை வைத்திருப்பதாகச் சொல்கிறாள். உண்மையா? அப்படியானால் இங்கே கம்பனிகளைக் குறை சொல்லலாமா? (வாசகி, பம்பலப்பிட்டி)

பதில்: ஒரு காலத்தில் உண்மை. இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், விளம்பரச் செய்திகளின் தொல்லையைக் கட்டுப்படுத்த, 2011 செப்டெம்பர் 27 முதல் ஒரு சிம்மிலிருந்து நாளுக்கு 100 என்றும், பிற்கொடுப்பனவு இணைப்புகளுக்கு மாதத்துக்கு 3,000 என்றும் எல்லை விதித்தது. வரம்பற்ற பக்கேஜுக்குப் பணம் கட்டியிருந்தவர்கள், முக்கியமாக இளைஞர்கள், கொதித்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் நாளெல்லை 200 ஆக உயர்த்தப்பட்டது. 2012 ஜூலையில் டில்லி உயர் நீதிமன்றம், தனிநபர்கள் தமக்குள் அனுப்பும் சாதாரணச் செய்திகளுக்கு இந்தத் தடை செல்லாது என்று தீர்ப்பளித்தது. அதன் பின் டிராய் தடையை விட்டு விலையைப் பிடித்தது. 100க்கு மேற்பட்ட ஒவ்வொரு செய்திக்கும் குறைந்தது 50 பைசா அறவிட வேண்டும் என்ற அந்த விதியும் 2020இல் நீக்கப்பட்டுவிட்டது. இன்றும் அங்குள்ள பக்கேஜ்களில் நாளுக்கு 100 என்று காணப்படுவது கம்பனிகளின் சொந்த விருப்பம்.

அங்கே எல்லையை விதித்த அமைப்பு அதன் காரணத்தைப் பகிரங்கமாகச் சொன்னது. எதிர்த்தவர்கள் நீதிமன்றம் போகவும் முடிந்தது. ஒரு மாலை நேரத்தில் கைக்கு வரும் இரண்டு வரிச் செய்தியோடு அதனை ஒப்பிட முடியாது.

கேள்வி: பட்டன் போன் வைத்திருக்கும் என் அப்பாவுக்கு வங்கியிலிருந்து வரும் செய்திகளும் இந்த 100க்குள் அடங்குமா? (வாசகர், வத்தளை)

பதில்: அடங்காது. எல்லை அனுப்பும் செய்திகளுக்கு மட்டுமே. அப்பா பயப்படாமல் இருக்கலாம்.

கேள்வி: புறக்கோட்டையில் துணிக்கடை வைத்திருக்கிறேன். தீபாவளிக்கும் தைப்பொங்கலுக்கும் ஏறத்தாழ 600 வாடிக்கையாளர்களுக்கு என் சொந்தத் தொலைபேசியிலிருந்து எஸ்எம்எஸ் போடுவது வழக்கம். எல்லை வந்ததால் மூன்று சிம் வாங்கிப் பிரித்து அனுப்பலாமா? (வியாபாரி, கொழும்பு 11)

பதில்: வேண்டாம், முதலாளி. எந்த ஆட்களைப் பிடிப்பதற்காக இந்த எல்லை வந்ததோ, அந்த ஆட்களின் வேலையைத்தான் நீங்கள் சிறிய அளவில் செய்கிறீர்கள். உங்கள் நோக்கம் கெட்டதல்ல, ஆனால் கம்பனியின் கணினிக்கு நோக்கம் தெரியாது. ஒரே செய்தி 600 இலக்கங்களுக்குப் போனால் மூன்று சிம்மும் முடக்கப்படலாம். அவற்றுள் ஒன்று உங்கள் கடைப் பெயர்ப்பலகையில் இருக்கும் இலக்கமாக இருந்தால், பண்டிகைக்கு முந்திய வாரத்தில் வரும் ஓடர்களும் போய்விடும்.

கம்பனிகளிடம் வியாபாரிகளுக்கென மொத்தக் குறுஞ்செய்திச் சேவை இருக்கிறது. செய்தி உங்கள் இலக்கத்துக்குப் பதிலாகக் கடையின் பெயரிலேயே போகும். கேட்கும்போது, தமிழ்ச் செய்தியைத் துண்டு துண்டாக எண்ணிக் கட்டணம் அறவிடுகிறார்களா என்பதை முதலில் கேளுங்கள். 70 குறியீடுகளுக்குள் வாழ்த்தையும் கழிவையும் அடக்கினால் 600 பேருக்கு 600தான், தாண்டினால் 1,200. எந்த வாடிக்கையாளர் வேண்டாம் என்று சொன்னாரோ அவருடைய இலக்கத்தை அன்றே பட்டியலிலிருந்து நீக்கிவிடுங்கள்.